மூன்றாவது குழாயில் புகை இல்லை

19-1-1998, திங்கள்

பருத்தி இரண்டாம் எடுப்பு. பதினோரு பேர் வந்தார்கள். விரல் நுனியெல்லாம் காய் ஓடு கீறிய கீறல். சாம்பல் தேய்த்துக் கழுவினேன், எரிகிறது.

இந்த டைரி உரக்கடையில் மணிவேலுக்குக் கொடுத்தது. என் மகனுக்கு எழுதும் பழக்கம் இல்லை, நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அறிவொளி வகுப்பில்தான் எழுத்து திரும்பி வந்தது. வந்ததும் முதல் வேலையாக, யார் யார் எனக்கு என்னென்ன செய்தார்கள் என்று எழுதி வைத்தேன். அது வேறு நோட்டு. அது நிறைந்துவிட்டது.

31-1-1998, சனி

பேத்தி சுவாதி பெரியவள் ஆகிவிட்டாள். மருமகள் மலர்க்கொடி அழுகிறாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாயிற்று.

மணிவேல் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், பூலாம்பாடி அத்தையையும் கூப்பிட வேண்டும் என்று. நான் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

2-2-1998, திங்கள்

பூலாம்பாடியில் இருப்பது பஞ்சவர்ணம். அவருடைய தங்கை. அவர் என்றால் என் வீட்டுக்காரர். பேர் சொல்லிப் பழக்கம் இல்லை, எழுதவும் கை வரவில்லை. போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அந்த வேறு நோட்டில் முதல் பக்கம் பஞ்சவர்ணத்துடையது. இங்கேயும் ஒரு தரம் எழுதுகிறேன்.

1961, பங்குனி, செவ்வாய்க்கிழமை, காப்புக்கட்டு. செல்லியம்மன் கோயிலில் முதல் வேட்டுப் போடுவது எங்கள் வீட்டு உரிமை. மூன்று இரும்புக் குழாயை மண்ணில் பாதி புதைத்து நிறுத்தி, மருந்து போட்டு, மேலே செங்கல் தூள் கொட்டி இடித்து இறுக்கித் திரி வைப்பார்கள். மருந்து இடிப்பது வீட்டு மருமகள் வேலை. வெடியுப்பு, கரி, கந்தகம். மர உரல், மர உலக்கை. இரும்பு கிட்டே வரக்கூடாது. அந்த வருஷம் இடித்தது நான்.

முதல் குழாய் நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது குழாய் பிளந்தது. அவருடைய வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் போய்விட்டன.

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பின பிறகு, கோயில் வாசலில் நின்று பஞ்சவர்ணம் ஊருக்கே சொன்னாள்: "அண்ணி தீட்டோட இடிச்சுட்டாங்க. கொல்லையில துணி காஞ்சத நானே பாத்தேன்."

அந்தத் துணி மூன்று நாள் முந்தியது. தலைமுழுகித்தான் உலக்கையைத் தொட்டேன். யார் கேட்டார்கள்? ஒரே பானை மருந்து, இரண்டு குழாய்க்கு இல்லாத தீட்டு மூன்றாவதுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பொம்பளை வாதம் பேசுகிறாள் என்றார்கள். வேட்டு உரிமை, இப்போது வேட்டுப் போடும் அமாவாசையின் அப்பாவுக்குப் போனது. எனக்குக் கோயில் வாசப்படி போனது.

முப்பத்தேழு வருஷம். ஒரு காப்புக்கட்டிலும் நான் அங்கே நின்றதில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து சத்தத்தை எண்ணுவேன். மூன்றாவது கேட்கும் வரை மூச்சு விடமாட்டேன்.

அவளுக்கு இலை போட வேண்டுமாம்.

8-2-1998, ஞாயிறு

வந்தாள். ஏழு தட்டு வரிசையோடு வந்தாள். பட்டாளத்துப் புருஷன் ராசாங்கமும் வந்தார். அவர் எனக்கு அண்ணன் முறை; எழுபத்தைந்து வயதுக்கு நிமிர்ந்துதான் நடக்கிறார்.

தண்ணீர் ஊற்றி, புடவை கட்டி, பிள்ளையை மணையில் உட்கார வைத்தோம். பஞ்சவர்ணம் நலுங்கு வைக்கக் குனிந்தவள் அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தடவிச் சொல்கிறாள்: "இனிமே பாத்து நடந்துக்கணும் தாயி. ஒங்க அப்பத்தா மாதிரி தீட்டோட எதையாச்சும் தொட்டு வச்சுடாத."

நாலு பேர் சிரித்தார்கள். சுவாதி சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

இந்தப் பேச்சு என்னோடு செத்துப்போகும் என்று நினைத்திருந்தேன். போகாது. இந்தப் பிள்ளை தலையில் ஏறி உட்காரப் போகிறது. நாளைக்கு இவள் வாழப்போகும் ஊருக்கும் கூடவே போகும்.

கையில் பாயசத் தூக்கு. கொட்டியிருப்பேன் அவள் தலையில்.

சாப்பாட்டுக்குப் பிறகு பந்தலில் ராசாங்கத்தைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து துப்பாக்கிக் கதை கேட்டார்கள். அவருக்கு அது வெல்லம். முந்திய காலத்தில் துப்பாக்கிக்கும் நம் வேட்டுக் கருமருந்துதானாம். காகிதப் பொட்டலத்தில் வரும், கொழுப்புத் தடவியிருக்கும், பல்லால் கடித்துக் கிழித்துக் குழலில் கொட்ட வேண்டும். அந்தக் கொழுப்பால்தான் சிப்பாய்க்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை மூண்டதாம். பிறகு பித்தளைத் தோட்டா வந்தும் உள்ளே அதே கருமருந்துதான். நாலு வெடி வெடித்தால் எதிரே யார் நிற்கிறான் என்று தெரியாது, அவ்வளவு புகை. எதிராளிக்கு மட்டும் நன்றாகத் தெரியும், புகை கிளம்புகிற இடத்தில் இவன் இருக்கிறான் என்று. அதற்குப் பிரெஞ்சுக்காரன் முதலில் வழி கண்டான். பஞ்சைத் திராவகத்தில் ஊறவைத்துப் புகையில்லாத மருந்து செய்தான்.

"பஞ்சா? நம்ம பஞ்சா?" என்று ஒருவன் கேட்டான்.

"பின்ன, ஒங்க வூட்டுத் தலையணையா? பருத்திப் பஞ்சுதான்டா."

அதைப் பார்த்து இங்கிலீஷ்காரன், அதே பஞ்சோடு இன்னொரு வெடி எண்ணெயும் கொஞ்சம் வாசலினும் போட்டுப் பிசைந்து இடியாப்பம் மாதிரிப் பிழிந்தானாம். அதற்குப் பேர் கார்டைட். இவர் தூக்கிய துப்பாக்கித் தோட்டாவில் அதுதான். சூடு தாங்காமல் குழலையே தின்றுவிடுமாம். அறுபத்து மூன்றுக்கு மேல் புதுத் துப்பாக்கி வந்தது, மருந்தும் கடுகு மாதிரி மணிமணியாக மாறிப்போனது என்றார்.

"எங்க காலத்துது சேமியா மாதிரி இருக்கும். பாயசம் வச்சுக் குடிச்சுடாதீங்க. ஆனா சுட்டா ஒரு இழை பொகை வராது. வெளிச்சந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தூக்கோடு நின்றுவிட்டேன்.

அவர் பேசிக்கொண்டே போனார். கருமருந்தின் அளவும் இதன் அளவும் ஒன்றில்லை, அதில் போடுவதை இதில் போட்டால் — என்று சொல்ல வந்தவர் என்னைப் பார்த்தார். பேச்சை விட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

9-2-1998, திங்கள்

புகை இல்லை.

அன்றைக்கே பார்த்தேன். முதல் குழாய் போனபோது கோயில் வேப்பமரம் மறைந்துபோயிற்று. இரண்டாவது போனபோது அவரையே காணவில்லை. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். மூன்றாவது — வெளிச்சம். அவ்வளவுதான். அப்புறம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் கை தெளிவாகத் தெரிந்தது. கண்ணை மூடினால் இன்னமும் தெரிகிறது. புகை மறைத்திருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டேனே.

இன்னொன்று எழுத வேண்டும். அந்த வேறு நோட்டில்கூட எழுதாதது.

அந்த வருஷம் ஆவாரங்கரி போதவில்லை. கடைசி இடிப்புக்கு, வேகம் கூடுதல் என்று சொல்லும் எருக்கங்கரியைக் கலந்தேன். பானையில் அது அடியில் கிடந்தது. மூன்றாவது குழாய்க்கு அடிப்பானை மருந்துதானே போயிருக்கும்?

யாரிடமும் சொல்லவில்லை. தீட்டு என்றது பொய், அது எனக்குத் தெரியும். கரி பொய் இல்லையே. பஞ்சவர்ணத்தை வாயாரத் திட்டும்போதெல்லாம் உள்ளே ஒன்று கேட்கும் — அவ சொன்ன காரணம் தப்பு, ஆனா கை ஒன் கைதானடி?

அவருக்கு இடது கைச் சாப்பாடு பழகவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் சோறு பிசைந்து உருண்டை உருட்டிக் கொடுத்தேன். ஒரு நாள்கூட என்னைக் குற்றம் சொன்னதில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து நினைத்துக் குன்றிப்போயிருக்கிறேன்.

டிரங்குப் பெட்டியில் மூக்குப்பொடி டப்பா இருக்கிறது. அன்றைக்கு அவர் வேட்டியை நான்தான் துவைத்தேன். ரத்தத்தில் ஒட்டி, மடிப்பில் நாலு குச்சி இருந்தது. பழுப்பாக, சேமியாத் துண்டு போல. திருவிழா வீட்டில் சேமியா சிந்தாதா என்று அப்போது நினைத்தேன். ஆனாலும் எடுத்து வைத்தேன். நான் எதையும் எறிவதில்லை.

10-2-1998, செவ்வாய்

ஒரு குச்சியை அடுப்பில் போட்டேன். உஸ்ஸென்று மஞ்சளாக ஒரு நாக்கு. முடிந்தது. புகை வரவில்லை. பால் பொங்கி வழிந்தது, நான் எழுந்திருக்கவில்லை.

12-2-1998, வியாழன்

வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன். விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர், பிறகு பூலாம்பாடி. மூன்று பஸ். டப்பா மடியில்.

ராசாங்கம் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். நான் உட்காரவில்லை. டப்பாவைத் திறந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னண்ணே?"

குனிந்து பார்த்தார். நிமிரவில்லை. "எங்க கெடச்சிச்சு தங்கச்சி?"

"ரத்தம் பட்ட வேட்டியில. நாந்தான தொவச்சேன்."

டப்பாவை மூடி வைத்தார். பிறகு நிறுத்தாமல் பேசினார். லீவில் வந்தபோது தோளில் மாட்டும் பட்டை நிறையத் தோட்டாவைத் துணிக்குள் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறார், ஊரில் காட்டிப் பெருமை அடிக்க. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். கடைசி வேட்டு தா.பழூர் வரைக்கும் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கொடு என்றார், இவர் தோட்டாவிலிருந்து உருவிக் கொடுத்துவிட்டார்.

"எவ்ளோ போடணும்னு மச்சான் கேட்டாரு. கருமருந்து போடற அதே கொட்டாங்கச்சி அளவு போடுங்கன்னேன். நாந்தான் சொன்னேன். எனக்குச் சுடத் தெரியும் தங்கச்சி, உள்ள இருக்கறதப் பத்தி ஒண்ணுந் தெரியாது."

இரண்டு வருஷம் கழித்துப் பட்டாளத்தில் ஒரு வகுப்பு நடந்ததாம். பாடம் எடுத்த உஸ்தாத் இந்த மருந்துகளின் கதையை எல்லாம் வரிசையாகச் சொன்னாராம். பழைய குழலில் புது மருந்தைப் பழைய அளவில் போட்டு வெள்ளைக்காரன் ஊரிலும் எத்தனையோ பேர் கை போயிற்று என்றாராம். அன்றைக்குத்தான் இவருக்கு விளங்கியது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்றார்.

இறங்க வேண்டாம்.

"கரி?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எருக்கங்கரி கலந்ததைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனுஷரிடம் சொன்னேன்.

"மூணாவது கொழாயில ஒன் மருந்து ஒரு சிட்டிக கூட இல்ல தங்கச்சி. முழுக்க என்னுது."

உட்கார்ந்துவிட்டேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். தோட்டா களவுன்னா கோர்ட் மார்ஷல், ஜெயிலு. தன் தங்கச்சி வாழ்க்க போயிடும்னு மச்சான் வாயத் தெறக்கல. என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு."

அப்போதுதான் பார்த்தேன். நிலைப்படியில் பஞ்சவர்ணம் முறத்தோடு நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளுக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது என்பது முகத்தில் இருந்தது. அந்த வாயில் பேச்சில்லாமல் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

பங்குனிக் காப்புக்கட்டுக்கு வந்து, கோயில் வாசலில், ஊர் நடுவில் இதைச் சொல்ல வேண்டும் என்றேன். ராசாங்கம் பென்சன் என்றார். இந்த வயதில் விசாரணை என்றார். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

13-2-1998, வெள்ளி

அவர் படத்துக்கு இன்று பூ வைக்கவில்லை.

14-2-1998, சனி

என் கரி இல்லை. என் கை இல்லை.

காலையில் களத்துக்குப் போகும்போது பாடிக்கொண்டு போனேனாம். மலர்க்கொடி சொல்கிறாள். நான் எங்கே பாடினேன்? இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டது மட்டும் தெரியும். தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கின மாதிரி, நடக்கும்போது முன்பக்கம் சாய்கிறது.

ஆனா அந்த மனுசன்! பெரிய மனசாம். தங்கச்சிக்காக ஊருகிட்ட வாய மூடுனாரு, சரி. என்கிட்ட என்னத்துக்கு மூடணும்? ஒரே பாயிதான? காதுல சொல்லியிருந்தா நான் போயி டமாரமா அடிச்சிருப்பேன்? — அடித்திருப்பேனோ? அடித்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சா மட்டும்? உருண்டை உருட்டிக் குடுக்கறப்ப ஒவ்வொரு வேளையும் என் கையப் பாத்துக்கிட்டேதான தின்னாரு.

இன்றைக்கும் பூ இல்லை.

22-2-1998, ஞாயிறு

ராசாங்கத்திடமிருந்து தகவல் இல்லை. மணிவேலிடம் எல்லாம் சொன்னேன். விடும்மா, உனக்குத் தெரிந்தால் போதாதா, மாமாவுக்குப் பென்சன்தான் சோறு என்றான்.

எனக்குத் தெரிந்தால் எனக்குப் போதும். சுவாதிக்கு? அவளைப் பற்றிப் பேசப்போகிற ஊருக்கு?

5-3-1998, வியாழன்

பஞ்சவர்ணம் தனியாக வந்தாள். இடுப்பில் ஒரு பித்தளை அண்டா. எங்கள் மாமியார் எனக்கென்று வைத்தது. 1958-ல் இவள் பிள்ளைப்பேறு முடிந்து போகும்போது தூக்கிக்கொண்டு போனது. வேறு நோட்டில் நாலாம் பக்கம். புளி போட்டுத் துலக்கிக் கொண்டுவந்திருக்கிறாள்.

அடுப்படியில் வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் வாயத் தொறந்தது தப்பு. எங்க வூட்டு மனுசன் வாய மூடுனது அதவிடத் தப்பு."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"என் தாலி நெலைக்கணும்னு எங்கண்ணன் கையையும் குடுத்து, ஒங்க பேரையும் குடுத்திருக்காரு. அந்தத் தாலியக் கட்டிக்கிட்டு நான் ஒங்களயே பேசித் திரிஞ்சிருக்கேன்." மூக்கைச் சிந்தினாள். "காப்புக்கட்டுக்கு அவர இட்டாந்துடறேன். வரலன்னா நானே வந்து சொல்றேன்."

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்பது இல்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். நெளிசல் இல்லாத டம்ளரில் கொடுத்தேன்.

நாலாம் பக்கத்தை அடித்துவிட்டேன். முதல் பக்கம் அப்படியே இருக்கிறது.

30-3-1998, திங்கள்

நாளைக்கு. வருவாரா?

31-3-1998, செவ்வாய்

வந்தார். சலவை வேட்டி, சட்டையில் பழைய மெடல் இரண்டு. பஞ்சவர்ணம் அவருக்குப் பின்னால், தப்பி ஓடிவிடுவார் என்பது போல ஒட்டி நின்றாள். நான் வீதி முனையில் நின்றேன், வாசப்படிக்கு இந்தப் பக்கம். சுவாதி என் கூட.

காப்புக் கட்டும் முன்னால் ஊர் கூடிய இடத்தில் சொன்னார். குரல் முதலில் நடுங்கியது. பிறகு பட்டாளத்துக் குரல் வந்துவிட்டது. தோட்டா கொண்டுவந்தது, உருவிக் கொடுத்தது, அளவு சொன்னது. மூன்றாவது குழாயில் வீரம்மாள் இடித்த மருந்து இல்லை என்றார். என் பேரை ஊர் நடுவில் சொன்னார்.

அவர் முடித்ததும் பஞ்சவர்ணம் முன்னால் வந்தாள். "தீட்டுன்னு சொன்னது நான். பொய்யி." இரண்டே வரி. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் எவனோ, "என்னைய மிலிட்டரி புடிச்சுக்கும்னு முப்பத்தேழு வருசம் ஒளிஞ்சிருக்கீங்க மாமா, அவங்களுக்கு ஒங்க அட்ரஸே மறந்திருக்கும்" என்றான். ராசாங்கம்தான் முதலில் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இப்போது வேட்டுப் போடுவது அமாவாசை. வாயே திறக்காத மனுஷன். கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு கூட்டத்தைத் தாண்டி என்னிடம் வந்தான்.

"அக்கா, மொத அளவு ஒங்க கையால போடுங்க."

வாசப்படியைத் தாண்டினேன். தாண்டினது நினைவில்லை. மருந்து அள்ளும்போது ஒரு சிட்டிகை மண்ணில் சிந்தியது. அமாவாசை அதைக் காலால் தள்ளி ஒதுக்கினான்.

திரி வைத்தான். வெடித்தது. புகை, புகை, வெள்ளைப் புகை. வேப்பமரத்தைக் காணோம். பஞ்சவர்ணத்தைக் காணோம். கந்தக நெடி மூக்கில் ஏறி இருமினேன், இருமிக்கொண்டே நின்றேன்.

1-4-1998, புதன்

படத்துக்குப் பூ வைத்தேன். அரை முழம்தான்.

4-4-1998, சனி

வேலை செய்யும்போது மனசுக்குள் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பது எனக்குப் பழக்கம். பஞ்சவர்ணத்தை எடுத்தால் பாதியில் நின்றுபோகிறது. உரக்கடைக்காரனைத் திட்டிப் பார்த்தேன். சுவாரசியம் இல்லை.

7-4-1998, செவ்வாய்

தேர். இன்றைக்கும் மூன்று வேட்டு உண்டு.

காலையில் சுவாதி புதுப்பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். மலர்க்கொடி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டாள். அதற்குள் அந்தப் பிள்ளையே கதவருகில் வந்து நின்றாள்.

"அப்பத்தா, நான் வந்து வேட்டுக்கு எதாச்சும் ஆயிடுச்சுன்னா?"

முப்பத்தேழு வருஷம் நான் முழுகிவிட்டேன் முழுகிவிட்டேன் என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். முழுகாவிட்டால் மட்டும் என்ன என்று ஒரு நாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை?

"மருந்துக்கு அதெல்லாந் தெரியாது. அளவுதான் தெரியும். பாவாடையக் கட்டு."

கூட்டிக்கொண்டு போனேன். மலர்க்கொடி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். குழாயிலிருந்து நன்றாக எட்டி நிற்க வைத்துக் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். அவள் ஒரு கையால்தான் பொத்திக்கொண்டாள். இன்னொரு கையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் குழாய், புகை. இரண்டாவது, புகை.

மூன்றாவதிலும் புகை வந்தது.